கேட்காமல் விட்ட துக்கம்

தெரிந்தவர் எதிரில் வந்தால் ஒதுங்கிப் போகிறவன் நான். காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர் யாராவது கண்ணில் பட்டால், வராத அழைப்பு வந்ததுபோல் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். பஸ்ஸில் பழைய சிநேகிதர் முன்னால் நின்றால், அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கி மீதித் தூரத்தை நடந்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதின கையோடு, பந்திக்குப் போகாமல் வண்டியை எடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றால் அவர் உள்ளே போகும்வரை என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் காத்திருந்ததுண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஆள் நான். பட்டறையில் ஆட்களுக்கு வேலை சொல்கிறவன். ஷாஃப்ட், பேரிங், புஷ் என்றால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். வேலை என்று ஒன்று நடுவில் இல்லாமல் ஒரு மனிதரும் நானும் நேருக்கு நேர் நிற்க வேண்டி வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இப்படி ஒரு குணத்தை வைத்துக்கொண்டு கொங்கு நாட்டில் வாழ்வது எளிதல்ல. இங்கே ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டேதான் வாழ்க்கை நடக்கிறது. ரோட்டில் எதிர்ப்பட்டவர் வண்டியை அணைக்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டே, "எங்க போய்ட்டு வர்றீங்க, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா, அந்தப் பக்கம் மழை உண்டுங்களா" என்று கேட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். ஐந்து வயதுப் பிள்ளையிடமும் "வாங்க கண்ணு, சாப்டீங்களா" என்பார்கள். ஒரம்பரை வந்தால் சொம்பில் தண்ணீர் கொடுத்து, வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்காமல் உள்ளேயே இருந்துவிட்டால், "வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல" என்று அது வருஷக்கணக்கில் மனதில் நிற்கும். கல்யாணப் பத்திரிகை வைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு கொடுத்து, "குடும்பத்தோட முன்னாடியே வந்துருங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்த பத்திரிகையைப் பார்த்து வருகிறவர்கள் இன்றும் எங்கள் சொந்தத்தில் குறைவு.

எல்லாவற்றிலும் முக்கியம் கெட்டது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஒரு வீட்டு எழவுக்குப் போகவில்லை என்றால் அந்த வீட்டோடு போக்குவரத்து இல்லை என்று பொருள். பகைக்கு அதைவிடப் பகிரங்கமான அறிவிப்பு எங்கள் ஊர்களில் கிடையாது.

என் அப்பா இதில் ஒரு நாளும் தவறியவர் அல்ல. செய்தி வந்த நிமிஷம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அன்னூர் பஸ்ஸோ அவிநாசி பஸ்ஸோ பிடித்துவிடுவார். அவர் இறந்தபோது எங்கள் வாசலில் நின்ற கூட்டம் அப்படிச் சேர்ந்த கூட்டம். அந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போக வேண்டிய கடமை அன்றே எனக்கு வந்துவிட்டது. நான் போகவில்லை. அப்பா ஆயுள் முழுக்க நடந்து நடந்து தேடிவைத்த உறவுகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டேன். விட்டது போக மிச்சமிருப்பவை என் மனைவியால் மிஞ்சியவை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் பல வீடுகளுக்கு அவள் தன் அண்ணனோடு போனாள். "அவரு பட்டறைல சோலியா இருக்கறாருங்க" என்று எனக்காக வீடு வீடாகப் பொய் சொன்னாள். என் கூச்சத்துக்கான வேலையை அவள் செய்தாள். அதற்கு ஒரு நாளும் நான் நன்றி சொன்னதில்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும். 2020 மே மாதத்தில் ஊரடங்கு விதியாகக் கல்யாணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று அரசு வரம்பு வைத்தது. ஊரெல்லாம் பயத்திலும் சாவிலும் கிடந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி யார் வீட்டுக்கும் போக வேண்டாம், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அடுத்த வருஷம் இரண்டாவது அலையில், சொந்தத்தில் ஒருவரின் உடலை அவருடைய பிள்ளைகள் மட்டும் ஆத்துப்பாலம் மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். தோள் கொடுக்க ஆள் இல்லையே என்று அவர்களில் ஒருவன் போனில் அழுதான். நானும் வருத்தமாகத்தான் பேசினேன். போனை வைத்த பிறகு, போகாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது என்று மனம் லேசாயிற்று. இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஆனால் இந்த வாக்குமூலத்தை எழுத வைத்தது அதற்கும் சில வருஷம் முன்னால் நடந்தது.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது கணபதியில் ஒரு லேத் பட்டறையில். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடையும் வேலை. அங்கே ஃபோர்மேனாக இருந்த அண்ணன்தான் எனக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று என் விரல்மேல் தன் விரலை வைத்துக் காட்டினார். மத்தியானம் அவருடைய தூக்குப்போசியிலிருந்து அரிசியும் பருப்புஞ் சோறு எனக்கும் ஒரு பங்கு வரும். முதலாளி அறைக்குப் போய்ச் சம்பளம் கூட்டிக் கேட்க எனக்கு வாய் வராது என்பதை அவர் பார்த்துவைத்திருந்தார். ஒரு நாள் அவரே போய் எனக்காகக் கேட்டு வாங்கித் தந்தார். வெளியே வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மெஷினைப் போட்டுவிட்டார். பிறகு நான் வேறு இடம் போனேன், அவர் ஓய்வுபெற்றார். வருஷத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அவர் இறந்துவிட்டதாகக் காலையில் போன் வந்தது. மாலை வாங்கிக்கொண்டு போனேன். சிங்காநல்லூர் பக்கம் லைன் வீடு. தெரு முனையிலேயே பந்தல் தெரிந்தது. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பலர் பழைய பட்டறைக்காரர்கள். இத்தனை நாள் வராமல் இன்று வந்திருக்கிறான் என்று எல்லாரும் பார்ப்பார்கள். அவர் மனைவி முன்னால் நின்று என்ன சொல்வேன்? எப்படி ஆயிற்று என்று கேட்பதா? அழுகை வராவிட்டால்? முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? முனையிலிருந்த டீக்கடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியவன் வெகுநேரம் நின்றேன். பிறகு வண்டியைத் திருப்பிவிட்டேன். வாங்கின மாலையை வழியில் ஒரு மரத்தடியில் வைத்தேன். கேட்டவர்களிடம் வெளியூர் போயிருந்ததாகச் சொன்னேன். கருமாதிக்கும் போகவில்லை. எடுப்பதற்குப் போகாதவன் கருமாதிக்கு எந்த முகத்தோடு போவது என்பது அன்றைய என் கணக்கு.

சில மாதம் கழித்துச் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் அவருடைய மகன் எதிரே வந்துவிட்டான். இந்த முறை ஒதுங்க இடமில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். "சித்தப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அப்பா உங்களை எதாச்சும் மனசு நோகறாப்பல பேசிப்போட்டாருங்களா?"

அவன் குரலில் கோபம் இல்லை. அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. இறந்துபோன தகப்பன் எனக்கு என்ன தீங்கு செய்தார் என்று தெரிந்துகொள்ள நின்றான். வீட்டில் அம்மாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றான். சம்பள விஷயமா, பழைய சண்டை ஏதாவதா என்று இருவரும் யோசித்திருக்கிறார்கள். துக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக்கு, இறந்தவர்மேல் ஒரு சந்தேகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதுவரை என் கூச்சம் என்னை மட்டும் வதைக்கிற ஒன்று என்றே நம்பியிருந்தேன். கஷ்டப்படுகிறவன் நான், என்மேல் மற்றவர்கள் இரக்கம் காட்ட வேண்டும் என்றுகூட உள்ளூர ஓர் எண்ணம். ஒருவன் பேசாமல் போனால் எதிரே இருப்பவர் "பாவம், கூச்சக்காரன்" என்று எடுத்துக்கொள்ள மாட்டார். நாம் என்ன தப்பு செய்தோம் என்றுதான் தேடுவார். வசதியில் கீழே இருப்பவராக இருந்தால் நம்மை மதிக்கவில்லை என்று முடிவு கட்டுவார். நான் கடந்துபோன ஒவ்வொருவரும் தம்மிடம் ஏதோ ஒரு குறையைத் தேடியிருப்பார்கள் என்பது அந்தச் சந்தையில்தான் எனக்கு உறைத்தது.

என்னிடம் சாக்குகள் இருந்தன, மரியாதையான சாக்குகள். ஒன்று காந்தி. சத்திய சோதனையில் தம் கூச்சத்தைப் பற்றி அவர் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். லண்டனில் சைவ உணவுச் சங்கக் கூட்டத்தில் எழுதிவைத்ததைக்கூட எழுந்து படிக்க முடியாமல் வேறொருவர் படித்தது, பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்கிலேயே வாய் எழாமல் உட்கார்ந்துவிட்டது எல்லாம் அந்தப் புத்தகத்தில் உண்டு. அந்தக் கூச்சம் தமக்குக் கவசமாக இருந்தது, சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுத்தந்தது என்று சொல்கிறார். இளவயதில் இதைப் படித்துவிட்டு எனக்குப் பெரிய துணை கிடைத்ததாக நினைத்தேன். அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய், முன்பின் தெரியாதவர்களின் கஷ்டத்துக்குள் நடந்து போனார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வாய் எழாத காலத்திலும் கால் போயிருக்கிறது. என்னிடம் நின்றுபோனது கால்.

இன்னொரு சாக்கு சாதி. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் விசாரிப்பு அன்பாகத்தான் ஆரம்பிக்கும். எந்த ஊருங்க, ஊர்ல எந்தப் பக்கமுங்க, யாரு தோட்டத்துக்குப் பக்கத்துல, என்ன கூட்டம் என்று அது போகிற திசை எல்லாருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து நாற்காலி வரும் அல்லது வராது. ஒருவர் யாரோடு பேசலாம் என்பதை இங்கே உயிரோடு விளையாடித் தீர்மானித்திருக்கிறார்கள். 2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு, உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு வந்து பேசிக்கொண்டிருந்ததற்காக கோகுல்ராஜ் என்ற தலித் பொறியியல் பட்டதாரி கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. இந்த மண்ணின் விசாரிப்பு எனக்கு வேண்டாம், அதனால்தான் ஒதுங்குகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டால் கேட்பவர்கள் மதிப்பார்கள். அது பொய். பேசினால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. சாதி கேட்காத ஃபோர்மேன் அண்ணனின் வாசலிலிருந்தும் நான் ஓடித்தான் வந்தேன்.

சாதியைப் பற்றி யோசித்தபோதுதான் இதைவிட மோசமான ஒன்று தெரிந்தது. சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் மாடு பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தார். என் தாத்தா வயது. எல்லாரையும் வாங்க போங்க என்று பேச வளர்க்கப்பட்ட நான் அவரைப் பேர் சொல்லி வா, போ என்றுதான் கூப்பிட்டேன். யாரும் திருத்தவில்லை. அவரிடம் பேச எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இருந்ததில்லை. தண்ணி கொண்டா, வண்டியைப் பூட்டு என்று கணீரென்று சொல்வேன். பிறவியிலேயே வாய் வராதவன் என்றால் அவரிடமும் வந்திருக்கக் கூடாது. யாருடைய எண்ணம் எனக்குப் பெரிதோ அவர் முன்னால்தான் நாக்கு ஒட்டியது. யாருடைய எண்ணத்தை மதிக்க வேண்டியதில்லை என்று கற்றிருந்தேனோ அவர் முன்னால் அது தாராளமாகப் புரண்டது. என் கூச்சத்தைச் சாது குணம் என்று எடுத்துக்கொண்ட அத்தனை பேரிடமும் இதைச் சொல்ல வேண்டும். அதில் பாதி, என் மதிப்பு குறைந்துவிடுமோ என்ற கவலை. எழவு வீட்டு முனையிலும் நான் யோசித்தது இறந்தவரைப் பற்றி அல்ல, என் முகத்தைப் பற்றி.

எல்லாக் கூச்சமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நெஞ்சு படபடத்து, வேர்த்து, வெளியிலேயே போக முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் 1980இலேயே அது தனி நோயாக இடம்பெற்றுவிட்டது; அதற்கு வைத்தியமும் இருக்கிறது. அவர்களைக் குணக்கேடர் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் பேசுவது என் கதையை.

எனக்கு இப்போது மிகவும் உறுத்துவது, ஃபோர்மேன் அண்ணனின் எழவு வாசலில் நான் எதையுமே பேச வேண்டியிருந்ததில்லை என்பது. எழவு வீட்டில் வந்தவரை யாரும் "வாங்க" என்று கேட்பதில்லை. வந்தவர் நேரே போய்த் தலைமாட்டில் மாலையை வைக்கிறார். வரிசையில் இருக்கிற ஆண்களிடம் இரண்டு கையையும் நீட்டுகிறார், அவர்கள் தொடுகிறார்கள். கொஞ்ச நேரம் உட்காருகிறார். எழுந்து போகும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லவே கூடாது. ஆரம்பம் முதல் கடைசிவரை வாயைத் திறக்காமல் செய்து முடிக்கும்படி நம் முன்னோர் அந்தச் சடங்கை அமைத்திருக்கிறார்கள். துக்கத்தின் முன்னால் யாருக்குமே சொல் வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காங்கேயம் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரை மாதம் மாரியம்மன் தேரோடு கூடும் மாட்டுச் சந்தையிலும் இதே அறிவைப் பார்த்திருக்கிறேன். தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்தே விலையை முடிப்பார். ஊர் எனக்குத் தந்திருந்த ஏற்பாடுகளை நான்தான் பயன்படுத்தவில்லை.

அன்றாட விசாரிப்பும் அப்படியே. "சாப்டீங்களா" என்று கேட்பவருக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்ற தகவல் தேவையில்லை. மலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் பசிபிக் கடலில் டிரோப்ரியாண்ட் தீவு மக்களோடு வாழ்ந்துவிட்டு, 1923இல் இதைப் பற்றி எழுதினார். செய்தி சொல்வதற்காக அல்லாமல், மனிதரை மனிதரோடு கட்டுவதற்காகவே பேசப்படும் பேச்சு என்று அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நான் ஒவ்வொரு முறையும் புதிதாக, பொருத்தமாக எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து வாய் கட்டிப்போனேன். எல்லாருக்கும் பொதுவாக ஊரே நாலு வாக்கியம் செய்துவைத்திருக்கிறது. அவற்றைச் சொன்னால் போதும். சிகாகோ பல்கலைக்கழகத்து நிக்கலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதையொட்டியதுதான். கஷ்டத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்லத் தயங்குகிறவர்கள், சரியான வார்த்தை வருமா என்று தங்கள் திறமையையே எண்ணிக் கவலைப்படுகிறார்கள். ஆறுதல் பெறுகிறவரோ வார்த்தையைவிட வந்தவரின் அன்பைத்தான் அதிகம் பார்க்கிறார். ஆகவே தயங்குகிறவர் நினைப்பதைவிட அது நன்றாகவே போய்ச் சேருகிறது.

உழவர் சந்தையில் மகனிடம் நான் ஏதோ உளறினேன். உண்மையைச் சொல்லவில்லை. அதற்கும் பிறகு நாள் கடத்திவிட்டுத்தான் அந்த லைன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அண்ணன்மேலோ உங்கள்மேலோ எனக்குக் குறை எதுவும் இல்லை, எழவன்று தெரு முனைவரை வந்து பயந்துகொண்டு திரும்பிவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு இருக்கறப்பவே வந்திருக்கலாமுங்க தம்பி. கடைசில படுத்த படுக்கையா இருந்தப்ப உங்க பேரச் சொல்லிக் கேட்டாரு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். இன்றும் பஸ் ஸ்டாண்டில் கை போனைத் தேடுகிறது. சில நாள் போனை எடுக்காமல் நின்று, "எங்கீங்க கெளம்பிட்டீங்க" என்று கேட்டுவிடுகிறேன். சில நாள் முடிவதில்லை. கெட்டதுக்கு மட்டும் இப்போது போகிறேன். போய்க் கையை நீட்டிவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். தோட்டத்துப் பெரியவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டு நல்லதுக்கோ கெட்டதுக்கோ நான் வராமல் இருந்திருந்தால், தெருவில் உங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் போயிருந்தால், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இருந்ததும் இல்லை. நீங்களோ, உங்கள் வீட்டில் இறந்தவரோ எனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவன் நான்.